உழவர், ஏறக்குறைய 1900

மத்திய சிறை, சேலம்
9.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

அஜித் எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க மாதேஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன்.

என்னைச் சமையல்கட்டில் போட்டிருக்கிறார்கள். காலையில் உட்கார்ந்தால் மூட்டை மூட்டையாக வெங்காயம். ஒரு வசதி, நடுவில் நிஜமாகவே அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மற்றபடி சோறு பரவாயில்லை. உங்கள் கை மீன்குழம்பை நினைத்துக்கொண்டு சாப்பிட்டால் உள்ளே போய்விடும்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. வாரத்துக்கு ஒருமுறை தருகிற போனை அம்மாவுக்கென்றே வைத்திருக்கிறேன், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால். உங்களுக்குக் கடிதம். போன ஞாயிறு பேசும்போது அம்மா ஒன்று சொன்னாள். "உங்கண்ணனப் பாத்துட்டு வந்தன்டா. நல்லாத்தான் நிக்கறான். மேலுக்குச் சட்டைதான் இல்ல." கனவு கண்டாயா என்று கேட்டேன். "கனவு எங்கடா? குழுவுல பஸ் வெச்சுக் கூட்டினு போனாங்க" என்கிறாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அண்ணி, அண்ணன் போய் இரண்டரை வருஷம் ஆகப்போகிறது. அம்மாவுக்கு என்ன ஆச்சு? புத்தி கலங்கிவிட்டதா? நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் அத்தை நல்லா இருக்காங்க என்றே எழுதுகிறீர்கள். நான் ஜெயிலில் கிடக்கிறேன் என்று இரக்கப்பட்டு மறைக்காதீர்கள். உள்ளதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்
அஜித்குமார்


ஓசூர்
16.2.2025

அன்புத் தம்பி அஜித்துக்கு,

அண்ணி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் மதினி என்றுதான் கூப்பிடுவார்கள், உன் வாயில் அது எப்போது நுழையப்போகிறதோ. போகட்டும்.

அத்தைக்குப் பைத்தியமில்லை. அவர் சொன்னதில் பாதி நிஜம். பொறுமையாகப் படி.

கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில் புதிதாக ஒரு வட்டார வரலாற்றுக் காட்சியகம் திறந்திருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு நாற்காலி நிரம்ப வேண்டுமே, மகளிர் குழுக்களைப் பஸ் வைத்து அழைத்துப் போனார்கள். புளிசாதப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், அப்புறம் சுற்றிப் பார்க்க விட்டார்கள். வாசலில் நடுகற்கள், உள்ளே ராகி அரைக்கிற கல், பழைய ஃபேக்டரி சங்கு, முதன்முதலில் இங்கே செய்த மொபெட். கடைசி அறையில் ஒரு ஆள் ஏர் பிடித்து நிற்கிற மாதிரி பொம்மை, ஃபைபரில் செய்தது. முன்னால் இரண்டு மாடு. கீழே பலகையில் "உழவர், ஓசூர் வட்டாரம், ஏறக்குறைய 1900" என்று எழுதியிருக்கிறது.

அந்த உழவர் உங்கள் அண்ணன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் பெங்களூரிலிருந்து சிலை செய்கிறவர் ஒருவர் வந்து, ஊர் ஜாடையில் முகம் வேண்டும் என்று தேடி, உங்கள் அண்ணனை உட்காரவைத்து முகமெல்லாம் மாவு அப்பி அச்சு எடுத்தார். மூக்கில் இரண்டு உறிஞ்சுகுழல் வைத்துக்கொண்டு மூச்சு விட்டாராம். அச்சைப் பிய்த்தபோது பாதிப் புருவம் கூடவே போய்விட்டது. ஒரு மாசம் என் மை பென்சிலால் வரைந்துகொண்டு ஷிஃப்டுக்குப் போனாரே, நீதானே அதிகம் கிண்டல் செய்தாய். அந்த அச்சுதான். கட்டடம் இழுத்துக்கொண்டே போய் இப்போதுதான் திறந்திருக்கிறார்கள். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த முகத்துக்குச் சொந்தக்காரன் செத்துப்போனது அவர்களுக்கும் தெரியாது.

ஃபவுண்டரியில் உருக்கு கொட்டிப் போன மனுஷன். வெள்ளைத்துணியில் சுற்றித் தைத்துத்தான் கொடுத்தார்கள். உன் சித்தப்பா சென்னகிருஷ்ணன்தான் வாங்கினார். அவரே, "பிரிக்காதீங்க, பொம்பளைங்க பாக்க வேணா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நீ அன்றைக்கு ஸ்டேஷனில் இருந்தாய். ஆஸ்பத்திரி வாசலிலேயே காண்ட்ராக்டர் தீர்த்தகிரியின் கண்ணைப் பைப்பால் அடித்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாய். முகம் பார்க்காமல் பெற்ற மகனை எப்படி அனுப்புவது என்று அத்தை அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதற்குப் பிறகும் விடவில்லை.

இப்போது பார்த்துவிட்டார். எல்லோரும் பார்க்க, தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய், மோவாயைப் பிடித்து, "ஊட்டா ஆயித்தா, மகனே?" என்று கேட்டாராம். சாப்பிட்டாயா என்று. உங்கள் வீட்டில் வேலை முடிந்து வருகிறவனைக் கேட்பது மாதிரி. குழுப் பெண்கள் எல்லாரும் ஓவென்று அழுதுவிட்டார்கள். அத்தை மட்டும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாராம்.

நானும் போய்ப் பார்த்தேன். என்னால் அதிகம் எழுத முடியவில்லை, அஜித். ஆத்தாடி, அப்படியே இருக்கிறார்.

அன்புடன்,
அண்ணி பொற்கொடி


மத்திய சிறை, சேலம்
2.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்துப் பாயில் இருக்கிற பாகலூர்க்காரர், "யாராவது செத்தாங்களா, பொறந்தாங்களா?" என்று கேட்டார். ரெண்டும் என்றேன்.

இன்னும் எழுதுங்கள். கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? மோவாயில் பைக்கிலிருந்து விழுந்த தழும்பு இருக்கிறதா? ஏர் எப்படிப் பிடித்திருக்கிறான்? நம் அப்பா காலத்திலேயே நிலத்தைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டார்கள், அவன் பிறந்ததிலிருந்து ஏரைத் தொட்டதே கிடையாது. அவனைப் போய் உழவனாக்கி, அதுவும் 1900இல் நிறுத்திவிட்டார்களே. அவனே பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

போட்டோ எடுத்து அனுப்பலாமா என்று நினைப்பீர்கள். வேண்டாம் அண்ணி. போட்டோதான் வீட்டுச் சுவரில் மாலை போட்டுத் தொங்குகிறதே. எனக்கு அவன் எதிரில் நின்று பார்க்க வேண்டும். மோவாயைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அவனுக்கு நான் ஒரு பிடி மண் போடவில்லை. உடன்பிறந்தவன் நான் இருக்க, சித்தப்பா மகன்தான் முன்னால் நடந்தான். அதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது. தீர்த்தகிரியை அடித்ததற்காக அல்ல, அன்றைக்கு அடித்ததற்காக.

2027 ஆடியில் வெளியே வந்துவிடுவேன். வந்த உடனே வீட்டுக்குக்கூட வரமாட்டேன், நேராக அங்கேதான் போவேன். அதுவரைக்கும் அவன் அங்கேயே நிற்கட்டும். அம்மாவைத் தடுக்காதீர்கள், போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். அவளுக்காவது கிடைத்ததே.

உங்கள்
அஜித்


ஓசூர்
2.4.2025

அன்புத் தம்பி அஜித்துக்கு,

கண் திறந்துதான் இருக்கிறது. அச்சு எடுக்கும்போது மூடித்தான் இருந்திருக்கும், பிற்பாடு கண்ணாடிக் குண்டு பதித்திருக்கிறார்கள். அதனால் பார்வை மட்டும் யாருடையதோ. தழும்பு இருக்கிறது. இடது கன்னத்தில் பல் வலிக்காக ஒதுக்கிச் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஒரு பக்கம் புடைத்திருக்குமே, அதுவும் இருக்கிறது. கை அவருடையது இல்லை. ஏரைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி எனக்குப் படுகிறது, எனக்கென்ன தெரியும். தலைப்பாகையும் கோவணமுமாய் நிற்கிறார். கட்டின பெண்டாட்டி எனக்கே பார்க்க வெட்கமாக இருந்தது, பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் எல்லாம் வரிசையாக வந்து பார்க்கிறார்கள்.

நீ கேட்டதை எழுதிவிட்டேன். இனி நான் சொல்வதைக் கேள்.

அத்தை தினமும் போகிறார். காலையில் களி கிண்டி, கீரை கடைந்து, தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிடுகிறார். வயசானவர் என்று டிக்கெட் வாங்காமல் உள்ளே விடுகிறார்கள். சாயங்காலம் மூடுகிறவரை உங்கள் அண்ணனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மகனுக்கு முன்னால் வைத்து எடுத்த பிறகுதான் தான் சாப்பிடுகிறார். பையன்கள் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தால், "மெதுவா, மெதுவா, அவனுக்குத் தோள் நோவும்" என்கிறார். அவர்கள் அதையும் வீடியோ எடுக்கிறார்கள்.

உகாதி அன்று என்ன நடந்தது தெரியுமா? வேப்பம்பூவும் வெல்லமும் கையில் கொடுத்தார், வாயில் போட்டுக்கொண்டேன். அடுத்து முந்தானையிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தார். "அவன் அங்க கல்லு மாதிரி நிக்கறான். நீ வெறுங்கழுத்தோட திரிஞ்சா ஊரு என்ன சொல்லும்?" என்று என் கழுத்தில் கட்டிவிட்டார். பதினோராம் நாள் இதே வீட்டில், இதே அத்தை பக்கத்தில் நிற்க, என் தாலியைக் கழற்றினார்கள். பண்டிகை நாளில் எதற்குச் சண்டை என்று கட்டிக்கொண்டேன்.

கம்பெனியில் கழுத்தில் எதுவும் வெளியே தெரியக்கூடாது, டேப் ஒட்டிக்கொண்டு லைனுக்குப் போகிறேன். "என்னக்கா, சொல்லாம கொள்ளாம கல்யாணமா?" என்று சின்னப் பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல? பொம்மையைக் கட்டிக்கொண்டேன் என்றா?

எனக்கு முப்பத்திரண்டு வயசு, அஜித்.

அன்புடன்,
அண்ணி


மத்திய சிறை, சேலம்
20.4.2025

அண்ணிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

கயிறு விஷயம் படித்தேன். அம்மாவுக்காகக் கட்டிக்கொண்டால் என்ன அண்ணி, வெறும் கயிறுதானே. அவள் சந்தோஷமாக இருக்கிறாள். போனில் இப்போதெல்லாம் குரலே தெம்பாக இருக்கிறது. அண்ணன் என்ன சாப்பிட்டான், இன்றைக்கு யார் யார் வந்து பார்த்தார்கள் என்று எனக்கு வரிசையாகச் சொல்கிறாள். நானும் உம் கொட்டுகிறேன். சில நேரம் நிஜமாகவே அவன் வேலைக்குப் போய்விட்டு வருகிற மாதிரிதான் எனக்கும் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னாள். யாரோ ஒருத்தன் உங்களைப் பைக்கில் கொண்டுவந்து தெருமுனையில் விடுகிறானாம். "உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்ருவான்" என்றாள். அண்ணன் யாரையும் வெட்டமாட்டான், வெட்டுகிறவன் நான்தான். அதனால்தான் இங்கே இருக்கிறேன்.

யார் அவன்? கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் கேட்கிறேன்.

அஜித்குமார்


ஓசூர்
11.5.2025

அஜித்துக்கு,

வெறும் கயிறுதானே என்று எழுதிவிட்டாய். உன் கழுத்தில் இருந்தால் தெரியும். வெட்டுகிறேன், குத்துகிறேன் என்று எனக்கு எழுதுகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே. நீ பைப்பைத் தூக்கியதால் ஒருத்தர் கண் போனது, உன் ஐந்து வருஷம் போனது, உன் அம்மாவைத் தூக்கி நிறுத்த ஆம்பிளை இல்லாமல் போனது. அண்ணன் திரும்பி வந்தாரா? அவருக்காக வீரம் காட்டினவன் நீ. அவர் அம்மாவுக்குச் சோறு போட்டு, முதுகு தேய்த்து, மாத்திரை கொடுத்தவள் நான். அதை மறந்துவிடாதே.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. அவர் பெயர் அழகர்சாமி. மேலூர்க்காரர், எங்கள் லைனில் சூப்பர்வைசர். பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டார். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். என் அண்ணன் மோகன்குமார் போய் விசாரித்துவிட்டு வந்து, "நல்ல மனுசன், சரின்னு சொல்லு தாயி" என்றான். நான் இன்னும் சொல்லவில்லை. அத்தையை விட்டுவிட்டு எப்படி என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு அவருக்கு மாற்றல் வந்திருக்கிறது. எத்தனை நாள் ஒரு மனுஷன் காத்திருப்பார்?

போன வாரம் காட்சியகத்திலிருந்து போன் வந்தது, உடனே வாருங்கள் என்று. பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினேன். வாயில் களியைத் திணித்திருக்கிறார் அத்தை. உதடு திறக்காத வாய். மோவாய், மார்பு எல்லாம் வழிந்து, நாலைந்து நாளாகவே அப்படிச் செய்திருப்பார் போல, எறும்பு சாரை சாரையாக முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அத்தை தன் கையாலேயே ஒவ்வொரு எறும்பாக எடுத்துக்கொண்டிருந்தார். "சொல்லுடா, கடிக்குதுன்னு சொல்லுடா, ஏன்டா வாயே தொறக்க மாட்டேங்கற?" என்று அதன் கன்னத்தில் பளார் பளார் என்று அடித்தார். நானும் காவலாளியும் சேர்ந்து பிடித்தோம். அந்த உடம்பில் எங்கிருந்து அவ்வளவு பலமோ.

அங்கே பொறுப்பில் இருக்கிற ரூபா மேடம் நல்ல மாதிரி. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "உங்க வீட்டுக்காரர்னு தெரிஞ்சிருந்தா வெச்சிருக்கவே மாட்டோம்மா. இப்பவும் நீங்க மனைவியா எழுதிக் குடுத்தீங்கன்னா தலையை மட்டும் மாத்திடறோம். வேற அச்சு இருக்கு" என்றார்.

அப்போதிருந்து இதே நினைப்புதான். அந்த முகம் அங்கே நிற்கிறவரை உன் அம்மாவுக்கு மகன் சாகமாட்டான், எனக்குப் புருஷன் சாகமாட்டான். முகம் போய்விட்டால் அத்தை ஒருநாள் ஓங்கி அழுவார். அழுதுவிட்டால் தெளிந்துவிடுவார் என்று நினைக்கிறேன். எனக்கும் அவர் வாயால் ஒரு சொல் வேண்டும், அஜித். "என் மகன் செத்துட்டான், நீ போ" என்று அவர் சொன்னால் நிம்மதியாகப் போய்விடுவேன். சொல்லாமல் என்னால் வாசல்படி இறங்க முடியாது.

நீ பார்க்க ஆசைப்படுகிறாய் என்று தெரியும். அதனால்தான் உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடவில்லை. சரி என்று ஒரு வரி எழுது.

அண்ணி


மத்திய சிறை, சேலம்
1.6.2025

அண்ணி,

கூடாது.

நீங்கள் சொன்னது எல்லாம் நியாயம். நான் உங்களுக்கு அப்படி எழுதியிருக்கக் கூடாது, மன்னித்துவிடுங்கள். அழகர்சாமி அண்ணனைக் கட்டிக்கொள்ளுங்கள். நான் தடுக்கவில்லை, சத்தியமாகத் தடுக்கவில்லை. கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அம்மா என்ன சொன்னால் என்ன?

முகத்தை மட்டும் தொடாதீர்கள். இன்னும் ரெண்டு வருஷம்தானே. எனக்கு அவன் முகம் மறந்துகொண்டே வருகிறது அண்ணி. சிரிக்கிற முகம் வருகிறது, சும்மா இருக்கிற முகம் வரவே மாட்டேன் என்கிறது. அங்கே ஒருத்தன் நிற்கிறான் என்ற நினைப்பில்தான் காலையில் எழுந்திருக்கிறேன்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அஜித்


ஓசூர்
20.7.2025

தம்பி அஜித்துக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் கடிதம் கிடைத்து ஒரு மாசம் அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். போன மாசக் கடைசியில் அத்தை அங்கேயே மயங்கி விழுந்தார். மகன் களி சாப்பிடவில்லையாம், அதனால் தானும் சாப்பிடுவதில்லை என்று இரண்டு மூன்று நாளாகப் பட்டினி. எனக்குத் தெரியாமல் களியை நாய்க்குப் போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதும், "அவன் சாப்டானா?" என்றுதான் கேட்டார். அங்கிருந்தே நேராக ரூபா மேடத்திடம் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ கூடாது என்று சொன்ன பிறகு போட்டேன். அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

அத்தையை நாலு நாள் வெளியே விடாமல் வீட்டிலேயே வைத்திருந்தேன். போன வியாழக்கிழமை தலையை மாற்றினார்கள். புதுத் தலை யாருடையதோ. பெரிய மீசை, ஒட்டிய கன்னம், நம் வீட்டு ஜாடையே கிடையாது. மறுநாள் நானே அத்தையை அழைத்துக்கொண்டு போனேன். அழுது புரளப் போகிறார், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று உன் சித்தியையும் கூட்டிப்போனேன். "நீதான்டி கொன்னுட்ட" என்று என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று தயாராகத்தான் போனேன்.

அத்தை நேராகப் போய் எதிரில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானையால் அந்தக் கன்னத்தைத் துடைத்தார்.

"எளச்சுட்டான்" என்றார். "நாலு நாளு நான் வரல, பாரு, எப்பிடி எளச்சுட்டான். ஆளே மாறிட்டான்."

"அத்தை, நல்லாப் பாருங்க. இது யாரு?" என்று கேட்டேன்.

"ஏன், உனக்குக் கண்ணு தெரியலியா?" என்று என்னைப் பார்த்துவிட்டு, அதனிடம் திரும்பி, "பாத்தியாடா, உம் பொண்டாட்டி உன்னப் போயி யாருன்னு கேக்கறா" என்று சிரித்தார். பிறகு வழக்கம்போலத் தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

அழுதது நான்தான், அஜித். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் அழுதேன். உன் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டார். உன் பேச்சையும் கேட்கவில்லை, உன் அம்மாவையும் மீட்கவில்லை. எவனோ ஒருத்தனை அவர் கையில் மகன் என்று கொடுத்துவிட்டேன். எந்தத் தலையை வைத்தாலும் அவருக்கு மகன்தான் என்று தெரிந்திருந்தால் உன் அண்ணனையே நிற்க விட்டிருப்பேனே.

இனி அந்தச் சொல்லுக்காக நான் காத்திருந்து பயனில்லை. கயிற்றை நானே கழற்றிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டேன். ஆவணியில் கல்யாணம், எங்கள் ஊரில். அத்தையிடம் சொன்னேன். "போயிட்டு வா. அவன் வந்து கூப்ட்டா வந்துருவ" என்றார். வீட்டுச் சாவி, ரேஷன் கார்டு, மாத்திரைப் பை எல்லாம் சென்னகிருஷ்ணன் சித்தப்பா வீட்டில் கொடுத்திருக்கிறேன். சோறு அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மதியத்துக்குக் காட்சியகத்தில் ரூபா மேடம் கண்முன்னால் ஒரு வாய் சாப்பிட வைக்கிறார். காவலாளி களியை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டு, "சாப்ட்டுட்டாருமா" என்கிறார். அத்தை நம்பிச் சாப்பிடுகிறார்.

உன் அண்ணன் முகம் பத்திரமாக இருக்கிறது. அவர்கள் உடைக்கத்தான் இருந்தார்கள், நான் விடவில்லை. துணியில் சுற்றிப் பின்னால் சாமான் அறையில் மேல் தட்டில் வைத்திருக்கிறார்கள். மேலே "தினேஷ்குமார், த/பெ கரியப்பன், தொரப்பள்ளி" என்று நானே எழுதி ஒட்டினேன். 1900 எல்லாம் இல்லை. நீ வந்து கேட்டால் கொடுத்துவிடுவார்கள், எழுதி வாங்கியிருக்கிறேன். ஆசை தீரப் பார். பார்த்து முடித்த பிறகு நீ போட வேண்டிய மண்ணைப் போட்டுவிடு.

அப்போது நான் பக்கத்தில் இருக்கமாட்டேன்.

பொற்கொடி


மத்திய சிறை, சேலம்
10.8.2025

அண்ணிக்கு,

இதை உங்கள் அருப்புக்கோட்டை முகவரிக்கு அனுப்புகிறேன். அதற்குள் போயிருப்பீர்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின ஞாயிறே அம்மா போனில் சொல்லிவிட்டாள். அண்ணன் இளைத்துப் போய்விட்டான், ஆளே மாறிவிட்டான், என்ன செய்வது என்று ரொம்பக் கவலைப்பட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வேலை ஜாஸ்தியா இருக்கும், நல்லா சாப்பிடச் சொல்லும்மா" என்றேன். புதன்கிழமை உங்கள் கடிதம் வந்தது.

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். நான் காலைப் பிடித்துக் கேட்டேன். ஆனால் நீங்கள் இல்லையென்றால் அம்மா எப்போதோ போயிருப்பாள் என்பதும் தெரியும். இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இனி நீங்கள் எழுத வேண்டாம், நானும் எழுதமாட்டேன். அழகர்சாமி அண்ணனோடு நல்லபடியாக இருங்கள். குழந்தை குட்டி பெறுங்கள். மனசாரச் சொல்கிறேன்.

இன்றும் அம்மாவிடம் பேசினேன். அண்ணன் இப்போது பரவாயில்லையாம், களி முழுசாகச் சாப்பிடுகிறானாம். மீசை வைத்திருக்கிறானாம், நன்றாகத்தான் இருக்கிறதாம். "நீ வந்து பாருடா" என்றாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அஜித்குமார்